ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி

தெருவில் மிக்ஸி நின்றாலும் ரிமோட் மக்கர் செய்தாலும் எல்லோரும் தேடி வருவது ரிப்பேரக்காவைத்தான். எதைக் கொடுத்தாலும் சரிசெய்துவிடுவாள், அண்ணனின் வாயைத் தவிர.

அண்ணன் இருபத்திரண்டு வருடமாக ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். சின்ன வயதில் விளையாடிய கார் ரேஸ் வீடியோ கேமில் ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி என்ற சாதனை தன்னுடையதாம். கல்யாண வீட்டில்கூட விடமாட்டான். அது அவனுடையதல்ல, தன்னுடையதுதான் என்பதில் ரிப்பேரக்காவுக்குத் துளியும் சந்தேகமில்லை. பரீட்சை வருகிறதென்று அம்மா அந்த கேம் பெட்டியை பீரோவில் வைத்துப் பூட்டினாள். பூட்டுமுன் அன்று காலையில் ஓட்டியது தங்கையான இவள், மாலையில் ஓட்டியது அண்ணன். பரீட்சை முடிந்து பீரோவைத் திறந்து பெட்டியைப் போட்டபோது திரையில் அந்த நேரம் நின்றது. யார் ஓட்டியது என்று விளையாட்டு சொல்லவில்லை. நாலே நாளில் பெட்டியும் மண்டையைப் போட்டது.

இந்த விடுமுறைக்கு அண்ணன் வந்ததும் அவள் பந்தயம் கட்டினாள். புதுச் சாதனை வந்தால்தான் அந்த விளையாட்டு மெமரி கார்டில் எழுதும். எழுதிய தேதியும் மணியும் கூடவே பதியும். காலை என்றால் அவள், மாலை என்றால் அவன். தோற்றவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், இத்தனை வருடம் புளுகியதாக எழுத வேண்டும்.

கார்டிலிருந்ததைக் கணினிக்கு மாற்றியாயிற்று. கணினியை கேம் பெட்டியாக நடிக்க வைக்கும் எமுலேட்டரும் தயார். நேராக விளையாட்டுக்குள் போய்விடலாமே என்று அண்ணன் பறந்தான். போகலாம்தான். ஆனால் தேதியும் மணியும் காட்டும் பட்டியல் விளையாட்டில் இல்லை. பெட்டி கண்விழித்ததும் முதலில் ஓடும் ஃபர்ம்வேரில் இருக்கிறது. யாரோ இணையத்தில் போட்டதை எடுக்க அவளுக்கு மனசு ஒப்பவில்லை. பழைய பெட்டியைத் திறந்து, ஃபர்ம்வேர் இருக்கும் சிப்பைக் கழற்றி, ரீடரில் வைத்து இரண்டு முறை படித்தாள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை என்று சொல்ல ஆசைதான். அவனோ பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அவள் சிப்பின் கால்களை அழிரப்பரால் தேய்த்து மறுபடி படித்தாள். மூன்றாவதும் நான்காவதும் அச்சு அசலாக ஒன்று.

எமுலேட்டரில் அதே பழைய தொடக்க இசை எழுந்தது. மூலையில் தைத்துக்கொண்டிருந்த அம்மா மிஷினை நிறுத்தினாள்.

பட்டியல் வந்தது. பதினேழாம் தேதி, காலை பதினொன்று இருபது.

காலை என்று கண்டதும் ரிப்பேரக்கா துள்ளி எழுந்தாள். அண்ணன் அவளை உட்கார வைத்தான். "இரு. பதினேழு கணக்குப் பரீட்சை." அதில் கோட்டைவிட்டவன், மறப்பானா? அந்நேரம் இருவரும் பரீட்சை ஹாலில் இருந்தார்கள். பெட்டி பீரோவில். சாவி அம்மாவிடம்.

இருவரும் மெல்லத் திரும்பினார்கள்.

"பூட்டியே வச்சா கெட்டுப்போயிடுமேன்னு அப்பப்ப போட்டுப் பார்த்தேன்," என்றாள் அம்மா, துணியிலிருந்து கண்ணெடுக்காமல்.

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலியேம்மா," என்றான் அண்ணன்.

"விளையாடாதீங்கன்னு உங்களை அடிச்சிட்டு, எந்த மூஞ்சியோட சொல்றது?"

தோற்றதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று ரிப்பேரக்காவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அண்ணனோ தரையில் உருண்டான். அம்மா எழுந்து வந்து, இருவரையும் தள்ளி உட்காரச் சொல்லி, கையை நீட்டினாள்.

சாயங்காலம் குடும்பக் குழுவில், புளுகியதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே அம்மா ஒரு படம் போட்டிருந்தாள்: ஒரு நிமிடம் பதினொரு விநாடி.