அசல் கலரில் ஒரு பேய்

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே கிடையாதா? ரங்கூனிலேயே தங்கிவிட்டவர்கள் கடிதம் போட்டால் பிள்ளைகள் சுகமா, அரிசி என்ன விலை என்று கேட்க வேண்டும். கப்பலேறி இங்கே வந்து சேர்ந்த நம் ஜனங்கள் கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தால், சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும். அதையெல்லாம் விட்டுவிட்டு எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: உன்னைப் பேய் பிடித்ததாமே, உண்மையா? வயதான பொம்பளையிடம் கேட்கிற கேள்வியா இது? அதுவும் வாய்க்கு வாய் பேய் வளர்ந்துகொண்டே போகிறது. போன மாதம் ஒருத்தி, நான் வேப்பமரத்தில் தலைகீழாகத் தொங்கினேனாமே என்று கேட்டாள். இந்த முட்டிவலியில் நான் நேராக நிற்பதே பெரிய காரியம். நடந்ததை ஒரே ஒரு தரம் சொல்கிறேன். அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

மெட்ராசுக்கு வந்த புதிதில் எனக்கு விளங்காத காரியம் ஒன்று இருந்தது. தி.நகரில் நாங்கள் குடியிருந்த ஒண்டுக்குடித்தன வீட்டில், காலையில் குழாயடிக்கு வரும் பெண்கள் எல்லோரும் முகத்தில் மஞ்சள் பூசியிருப்பார்கள். கன்னம், கழுத்து, காதுமடல் எல்லாம் மஞ்சள். அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் குளித்துவிட்டு, பிறந்ததிலிருந்து செய்கிற மாதிரி தனாக்காக் கட்டையைக் கல்லில் உரைத்து, சந்தனம் போலக் குழைத்து இரண்டு கன்னத்திலும் பூசிக்கொண்டு போனால், குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் என்னையே பார்ப்பார்கள். அது கிழங்கு, இது கட்டை, இரண்டும் மண்ணில் விளைவதுதான். அதைப் பூசினால் மகாலட்சுமி. இதைப் பூசினால் சுண்ணாம்பு அடித்த சுவர். ரங்கூனில் பால்குடிப் பிள்ளை முதல் பல் போன கிழவி வரை தனாக்கா இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார்கள். வெயிலுக்குக் கன்னம் குளுகுளுவென்று இருக்கும். பர்மா சர்க்கார் எங்களை நாட்டை விட்டு அனுப்பியபோது, துறைமுகத்தில் காதில் கிடந்ததைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்ட அதிகாரிகள், இந்தக் கட்டையை மட்டும் விறகு என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

அந்த ரூம் எங்களுக்கு மூன்றாவது வீடு. முதல் வீட்டில் நான் நாப்பி வதக்கினேன். மீனை உப்பில் ஊறவைத்து இடித்த விழுது அது. எங்களுக்கு வாயூறும் வாசனை; அவர்கள் எலி செத்துக் கிடக்கிறது என்று கூரை ஓட்டைப் பிரித்துத் தேடினார்கள். இரண்டாவது வீட்டில் நான் லுங்கி கட்டியது பிடிக்கவில்லை. இப்போது இதே ஊரில் அத்தோ கடை வாசலில் வரிசை கட்டி நிற்கிறார்கள், பர்மா சாப்பாடு பிரமாதம் என்கிறார்கள். அப்போது எங்கள் அடுப்பு புகைந்தால் முந்தானையால் மூக்கை மூடினார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில், ஊருக்கு வெளியே முகாமில் தகரக் கொட்டகையில் எட்டு மாதம் கிடந்தோம். என் வீட்டுக்காரருக்குப் பாண்டி பஜாரில் நாற்காலிப் பட்டறையில் தச்சு வேலை கிடைத்து, பெண்கள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, அப்போதுதான் மூச்சு விட்டிருந்தோம். இந்த ரூமும் போனால் திரும்பவும் முகாம்தான். "இங்கயாவது வாயையும் அடுப்பையும் அடக்கிக்கிட்டு இரு" என்று அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அடுப்பை அடக்கினேன்.

வீட்டுக்காரம்மா திருநெல்வேலிப் பக்கம். அவர் கணவருக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. பக்கத்து ரூமில் முனியம்மா, பிறந்ததே மெட்ராஸ். அவள் பேசுகிற தமிழில் பாதி எனக்குப் புரியாது, நான் பேசுவதில் பாதி அவளுக்குப் புரியாது. அதனால்தான் கடைசிவரை சண்டையே வரவில்லை. அவள் புருஷன் மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய தியேட்டரில் சைக்கிள் ஸ்டாண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரங்கூனு, ஞாயித்துக்கெயம காலீல ஷோ. பேய்ப்படம். வர்றியா?" என்றாள் ஒருநாள்.

"ஏன், வீட்ல பாக்கறது போதாதா?"

"அய்ய, இது இங்கிலீசு பேய்மே. பயய படந்தான், ஆனா அசல் கலரு காப்பி வந்துகீதாம். எங்கூட்டுக்காரரு மூணு பாசு வாங்கியாந்துகீறாரு. வூட்டுக்காரம்மாவும் வருது. நீ வரலன்னா அந்தம்மாகூட நா தனியா குந்திகினு ஒரே பேஜாரா பூடும்."

பேஜார் என்றால் தொல்லை என்று எனக்குத் தெரியாது. பேயை ஊறுகாய் மாதிரி ஜாரில் அடைத்துக் காட்டுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டு சரி என்றேன்.

நல்ல கோடை. தனாக்காவைக் கொஞ்சம் தாராளமாகவே பூசிக்கொண்டேன். வாயில் வெற்றிலை. மூன்று பேரும் பஸ் பிடித்துப் போனோம். ரங்கூனில் நான் பேய்ப்படம் பார்க்காதவள் இல்லை. ஆனால் அதெல்லாம் கறுப்பு வெள்ளை. ரத்தம் தார் மாதிரி வழியும். ரோடு போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் பார்ப்போம். அங்கே தியேட்டரில் கூட்டம் பூசணி விதை கொறிக்கிற சத்தம்தான் கேட்கும். இங்கே படம் பேசுவதைவிட ஜனங்கள்தான் அதிகம் பேசினார்கள். என் பேத்தி இப்போது கைப்பேசியில் பேய்ப்படம் பார்க்கிறாள். பேய் நகத்தளவுதான் இருக்கிறது. பயந்தால் விரலால் மூடிக்கொள்ளலாம். அன்றைக்குப் பேயின் ஒரு கண்ணே எங்கள் ரூம் அகலம் இருந்தது. எதை வைத்து மூடுவது?

கதை என்னவென்று கேட்காதீர்கள், அத்தனையும் இங்கிலீஷ். ஒரு கோட்டை, அதில் செத்துப்போன சீமாட்டி, வெள்ளை அங்கியில் எழுந்து நடக்கிறாள். ஆனால் அந்தக் கலர்! மெழுகுவர்த்தி வெளிச்சம் நெய் மாதிரி சுவரில் வழிந்தது. ஜன்னல் திரை மயில்கழுத்துப் பச்சை. வெளியே தெரிந்த வானம் அப்படி ஒரு நீலம். அதற்குள் மட்டும் பயமே இல்லாமல் போய் நிற்கலாம் போலிருந்தது. முதல் சொட்டு ரத்தம் தலையணையில் விழுந்ததும் கொட்டகையே மூச்சை நிறுத்திவிட்டது.

"யாத்தாடி!" என்றார் வீட்டுக்காரம்மா. பயந்துவிட்டார் என்று நினைத்தேன். என் பக்கம் சாய்ந்து, "இந்தச் செவப்பு நம்ம கடையில இருந்துச்சுன்னா ஒத்த நாள்ல வித்துப் போயிரும்" என்றார்.

"வாய மூடிகினு பாரும்மா, அவ வரா பாரு" என்றாள் முனியம்மா. பேசும்போதே என் கையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சீமாட்டி மெல்லத் திரும்பினாள். திரை முழுக்க அவள் முகம். வெள்ளை வெளேரென்று கன்னம், சிவப்பாக உதடு, உதட்டோரம் ஒரு கோடு ரத்தம். அந்த நொடியில் இடைவேளை விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

படத்தின் பயத்தில் நான் வெற்றிலையைத் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. வீட்டுக்காரம்மா பக்கம் திரும்பி, "அக்கா, சோடா வேணுமா?" என்று கேட்டேன். வாயைத் திறந்ததும் சிவந்த எச்சில் உதட்டோரம் வழிந்தது.

"எம்மா! எறங்கி வந்துட்டாளே!"

அவ்வளவுதான், அவர் நாற்காலியோடு சரிந்தார். பெண்கள் பகுதி மொத்தமும் எழுந்து அலறியது. முறுக்கு விற்கிறவன் தட்டைப் போட்டுவிட்டு ஓடினான். முனியம்மா கோலி சோடாவை உடைத்து அவர் முகத்தில் தெளித்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். உதவி செய்கிறேன் என்று குனிந்து அவர் கன்னத்தைத் தட்டினேன். கண்ணைத் திறந்தார், இரண்டு விரற்கடை தூரத்தில் என்னைப் பார்த்தார், மறுபடியும் மயங்கிவிட்டார். மிச்சப் படம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

மூன்று நாள் அவருக்குக் காய்ச்சல். நான்காம் நாள் கூப்பிட்டு அனுப்பினார். முகத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போய் நின்றேன்.

"அமாவாசைக்குள்ள ரூமக் காலி பண்ணிரு தாயி. ஒன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஒன்கூட ஒண்ணு வந்திருக்குல்லா, அதோடதான் என்னால இருக்க முடியாது."

"அக்கா, அது ஒரு மரக்கட்டை. சந்தனம் மாதிரி. கழுவினாப் போயிரும், பாருங்க."

"கழுவுனாப் போறதுக்கு அது என்ன அழுக்கா? உள்ள இருக்கறது வெளிய எட்டிப் பாத்துச்சு. படத்துல இருந்த அதே மூஞ்சி. கலர்ல பாத்தேன் தாயி, எனக்கு அடையாளம் தெரியாதா?"

கறுப்பு வெள்ளையில் பார்த்திருந்தால் அவருக்கு அடையாளமே தெரிந்திருக்காது. எல்லாம் அந்த அசல் காப்பி செய்த வேலை.

என் வீட்டுக்காரர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ரங்கூனிலிருந்து கொண்டுவந்த மரப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினார். சின்னவள் அதைப் பார்த்துவிட்டு, "மறுபடியும் கப்பலாம்மா?" என்று கேட்டாள்.

முனியம்மாதான் வந்தாள். "அயுவாத ரங்கூனு. அடையாத்தாண்ட ஒரு பூசாரி கீறாரு. வேப்பல அடிச்சா அந்தம்மா மன்சு ஆறிடும்."

"எனக்குத்தான் பேயே இல்லையே!"

"இல்லாங்காட்டி இன்னா? இருந்தா பேய்க்கு அடி, இல்லாங்காட்டி கொசுவுக்கு அடி. குந்து."

ரங்கூனில் பர்மியர்கள் வீட்டுத் தூணில் ஒரு தேங்காயைச் சிவப்புத் துணி சுற்றித் தொங்கவிடுவார்கள். அந்த வீட்டைக் காக்கும் ஆவிக்கு அது இருப்பிடம். குடியிருப்பவர்களும் ஆவியும் ஒரே கூரையில் சண்டையில்லாமல் இருப்பார்கள். இங்கே ஆவி என்றாலே விரட்டத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில் முற்றத்து நடுவே என்னை உட்காரவைத்தார்கள். தலையில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து, உடுக்கையை அடித்து, பூசாரி வேப்பிலையை ஓங்கினார். வீட்டுக்காரம்மா கதவுக்குப் பின்னால் பாதி முகம் காட்டி நின்றார்.

"யாரு நீ? எந்த ஊரு? சொல்லு!"

முகாமில் பெயர் பதிந்த குமாஸ்தா கேட்டதும் அதைத்தான். வீடு தேடிப் போன இடமெல்லாம் கேட்டதும் அதைத்தான். வாய் பழக்கத்தில் தானாகச் சொல்லிவிட்டது.

"ரங்கூனு."

"பேசுது! பேசுது!" என்று கூட்டம் பின்வாங்கியது.

"கடல் தாண்டி வந்துகீது" என்றார் பூசாரி, உடுக்கையை வேகமாக அடித்து. "எப்டி வந்த?"

"கப்பல்ல."

"யாரு அனுப்ச்சது?"

"கவர்மெண்டு."

உடுக்கை நின்றுவிட்டது. அரசாங்கம் அனுப்பிய பேயை அவர் அதுவரை பார்த்ததில்லை. சமாளித்துக்கொண்டு, "எப்போ திரும்பிப் போவ?" என்றார்.

"போக முடியாது. போனா உள்ள விடமாட்டாங்க."

மூடியிருந்த கண்ணைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தேன். அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் அடுத்து என்ன சொல்வேன் என்று காத்திருந்தார்கள். இத்தனை நாளில் குழாயடியில் ஒருத்திகூட என் வாயை இப்படிப் பார்த்ததில்லை. எனக்குப் புத்தி வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"செரி, உனுக்கு இன்னா ஓணும்? கோயி ஓணுமா? சாராயம் ஓணுமா? பட்டுப்பொடவ ஓணுமா?"

"ரூமு."

"இன்னாது?"

"இருக்கற ரூமே போதும். காலையில ரெண்டு கொடம் தண்ணி. போ போன்னு யாரும் சொல்லக் கூடாது."

பூசாரி கதவுப் பக்கம் திரும்பினார். "யம்மா, இது வூடு கேக்குது. குட்துட்டின்னா சாந்தமா பூடும். தொரத்துனா என்னால பொறுப்பு ஏத்துக்க முடியாது. கடல தாண்டி வந்தது உன் வாசப்படியத் தாண்டாதா?"

"இருக்கட்டும் சாமி, இருக்கட்டும்" என்றார் வீட்டுக்காரம்மா நடுங்கிக்கொண்டே. "எத்தனை காலம் வேணும்னாலும் இருந்துக்கிடட்டும். என் பக்கம் மட்டும் எட்டிப் பாக்க வேண்டாம்னு சொல்லுங்க."

கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தேன். ரூமுக்குப் போனதும் என் வீட்டுக்காரர் தாழ்ந்த குரலில், "நடிச்சியா?" என்று கேட்டார்.

"என்னத்த நடிச்சேன்? ஒரு வார்த்தை பொய் சொன்னேனா, நீங்களே சொல்லுங்க."

அவர் பெட்டியைத் தூக்கிப் பரணில் வைத்தார்.

மறுநாள் காலையில் குழாயடியில் எல்லோரும் விலகி எனக்கு வழிவிட்டார்கள். குடம் நிரம்பியதும் முனியம்மாவால் தாங்க முடியவில்லை.

"ரங்கூனு, மெய்யா சொல்லு. உள்ள இருந்தது பூட்சா, இன்னும் கீதா?"

நான் குடத்தை இறக்கிவைத்து அவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "போன்னுதான் சொன்னேன் முனியம்மா. எங்க போகன்னு கேட்டுச்சு. ரங்கூனுக்குப் போனா, ஏ இந்தியாக்காரி, உன் நாட்டுக்குப் போங்கறான். இங்க வந்தா, ஏ பர்மாக்காரி, உன் ஊருக்குப் போங்கறீங்க. சரி, ஒரு புளியமரத்துலயாவது உக்காருவோம்னு போனா, அங்க ஏற்கெனவே குடியிருக்கற பேய் நீ எந்த ஊருன்னு கேக்குதாம். பாவமா இருந்துச்சு. அதான், எனக்கு ஒரு ரூமு கிடைச்சிருக்கு, நீயும் ஒரு மூலையில இருந்துக்கோன்னு சொல்லிட்டேன்."