‘செத்துட்டியா?’ என்று கேட்ட டீச்சர்

ஜாங்ஹுங் நடுநிலைப் பள்ளியில் அவளுக்குப் பெயர் பெரோனா டீச்சர். உண்மையில் வெரோனா. கொரிய நாக்குக்கு ‘வெ’ வராது, ‘பெ’தான் வரும். தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லியில் பிறந்தவள், நாற்பத்தொரு வயது, நாலு வருஷமாக இந்த ஊரில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறாள். வந்த முதல் வாரம் ஒரு பையன் எழுந்து, “டீச்சர், உங்க வீட்ல சிங்கம் இருக்கா?” என்று கேட்டான். “ரெண்டு இருக்கு. ஒண்ணு எங்கம்மா” என்றாள். அன்றைக்கே பிள்ளைகள் அவள் பக்கம் வந்துவிட்டார்கள். பெரியவர்கள்தான் வரவில்லை.

பொரித்த கோழிக் கடைக்கு மேல் ஒற்றை அறை வீடு. காலையில் எழுந்தால் தலையணையில்கூடக் கோழி வாசனை. ஏழே முக்காலுக்குப் பள்ளிக்கூடம், வாசலில் செருப்பைக் கழற்றிப் பள்ளிக்கென்று வைத்திருக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு ஆசிரியர் அறை. இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் கேட்பதெல்லாம் கம்ப்யூட்டர் விசைகளின் சடசடப்பு மட்டும்தான். பேச்சு என்பது அங்கே திரையின் வலது மூலையில் குதிக்கும் சின்னப் பெட்டி. கூட்டம் எத்தனை மணிக்கு, எந்த வகுப்பு மாறுகிறது, யார் ஆரஞ்சுப்பழம் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், எல்லாம் அந்தப் பெட்டியில் வரும்.

அதையும் தாங்கிக்கொள்ளலாம். பக்கத்து மேஜை பியோ ஸாரைத்தான் தாங்க முடியவில்லை.

பியோ குவாங்ஷிக். வயது ஐம்பத்தேழு, ஆங்கில ஆசிரியர், வெரோனாவோடு சேர்ந்து வகுப்பெடுக்க வேண்டியவர். இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் நாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஒரே ஒரு ஆங்கிலச் சொல் வந்து வெரோனா கேட்டதில்லை. வகுப்பில் கொரிய மொழியில் விளக்குவார், அவள் வாசிப்பாள், முடிந்தது கதை. அறையில் அவளுக்கும் அவருக்கும் ஒரு மீட்டர் தூரம். அந்த ஒரு மீட்டரைக் கடக்க அவருக்குக் கம்ப்யூட்டர் வேண்டும். ‘இன்று மதிய உணவு மீன். முள் இருக்கும். கவனம்.’ இப்படி எழுதி அனுப்பிவிட்டு முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவள் திரும்பி, “தேங்க் யூ, ஸார்” என்றால் காதோரம் சிவந்து போகும், அவ்வளவுதான். நல்ல மனுஷன்தான். ஆனால் நல்ல மனுஷன் என்று எத்தனை நாள் சுவரோடு குடித்தனம் பண்ணுவது?

ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை வெடித்தது. அன்று வெரோனாவின் கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறேன் என்று ஒரு மணி நேரமாக நீலமாக நின்றது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் மூன்றாம் வகுப்பை மாடி அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். பியோ ஸார் கடமை தவறாமல் பெட்டியில் எழுதி அனுப்பியிருக்கிறார். வெரோனா கீழே காலி வகுப்பறையில் நாற்காலிகளுக்குப் பாடம் நடத்தக் காத்திருந்தாள். மாடியில் இருபத்தெட்டுப் பிள்ளைகள் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். துணைத் தலைமையாசிரியர் எல்லோர் முன்னிலையிலும் அவளிடம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

அவள் நேராக பியோ ஸார் மேஜைக்குப் போனாள். “ஏன் சொல்லலை? பக்கத்துலதானே இருக்கீங்க?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து தட்ட ஆரம்பித்தார். அவள் திரையோ இன்னும் நீலமாகவே நின்றது. வெரோனாவுக்குத் தலைக்கேறிவிட்டது. ஆங்கிலத்தில் கத்தினால் இவர் அசைய மாட்டார் என்று தெரிந்ததுமே, தனக்குத் தெரிந்த அரைகுறை கொரிய மொழியில் கத்தினாள்.

“பியோ ஸார்! செத்துட்டியா?”

செல்போன் விளையாட்டில் ஆள் விழுந்தால் பையன்கள் ஒருவனை ஒருவன் கேட்பது அது. சாவுக்கு அவளுக்குத் தெரிந்த ஒரே சொல். ஐம்பத்தேழு வயதுக்காரரை, அதுவும் தன்னைவிடப் பதினாறு வயது மூத்தவரை, அந்தச் சொல்லால் யாரும் கேட்டதில்லை. விசைகளின் சத்தம் அப்படியே நின்றுவிட்டது. சங்கீத ஆசிரியை ஓக் மிரான் வாயைப் பொத்திக்கொண்டாள். பியோ ஸார் முகம் வெளுத்து, எழுந்து, பையை எடுத்துக்கொண்டு வேலை முடியும் நாலரை மணி ஆகுமுன்பே வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை அவர் நாற்காலி காலியாக இருந்தது. எட்டு மணிக்கு வெரோனாவின் செல்போனில் ஆசிரியர் குழுவிலிருந்து ஒரு செய்தி வந்தது. மேலே ஒரு வரி, கீழே கறுப்புக் கரை போட்ட ஒரு படம். மேல் வரியை எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டாள்.

‘மரண அறிவிப்பு: பியோ குவாங்ஷிக் ஸார்.’

தூக்கிவாரிப் போட்டது. மறுபடி போட்டாள். அதேதான் வந்தது. படத்தில் இருந்த அலங்கார எழுத்துகளை மொழிபெயர்ப்பு வாசிக்க மறுத்துவிட்டது. செல்போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். நேற்று அவள் கேட்டாள், இன்று அவர் போய்விட்டார். இதற்கு மேல் அவளுக்கு எதையும் வாசிக்க வேண்டியிருக்கவில்லை.

அதைவிட அதிர்ச்சி, அந்த அறை இருந்த இருப்பு. ஒருவர்கூட அழவில்லை. குச்சிப் பொட்டலக் காப்பியைக் கிழித்துப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். துணைத் தலைமையாசிரியர் வெள்ளைப் பலகையில் பியோ ஸாரின் வகுப்புகளைப் பங்கு பிரித்து எழுதிக்கொண்டிருந்தார்.

“எதுவரைக்கும்?” என்று அவள் தட்டுத்தடுமாறிக் கேட்டாள்.

“அடுத்த புதன் வரைக்கும் டீச்சர். அஞ்சு நாள்தான் கணக்கு” என்றார் அவர்.

செத்தவருக்கு அஞ்சு நாள் விடுப்பு! வியாழக்கிழமை எழுந்து வந்துவிடுவாரா? முப்பது வருஷம் உழைத்த மனுஷனை ஒரு வாரத்தில் துடைத்துவிட்டு அந்த இடத்தில் வேறு ஆளை உட்காரவைக்கப் போகிறார்களா? இவர்கள் மனிதர்களா, மரக்கட்டைகளா? வெரோனா கழிவறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நாலு வருஷம் தனக்கு முள்ளைப் பற்றி எச்சரித்த ஒரே ஆள் அவர். அவருக்கு அவள் கடைசியாகச் சொன்னது அந்த ஒரு கேள்வி. அதை எங்கே போய்த் திரும்ப வாங்குவது?

சாயங்காலம் பள்ளி வேனில் பத்துப் பேர் இழவு மண்டபத்துக்குக் கிளம்பினார்கள். வெரோனா தன்னிடம் இருந்த ஒரே கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு மிரானின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நேத்து நான் சொன்னது…” என்று ஆரம்பித்தாள்.

“அதை விடு டீச்சர். இப்ப அதையா நெனச்சுக்கிட்டிருக்கே?” என்றாள் மிரான், பாதி ஆங்கிலமும் பாதி கொரியமுமாக. “பியோ ஸார் ஏன் வாய் தொறக்க மாட்டாருன்னு உனக்கு யாருமே சொல்லலையா? வேலைக்குச் சேர்ந்த புதுசுல பயிற்சிக்குப் போயிருக்காரு. அங்க ஒரு வெள்ளைக்கார வாத்தியார் ‘காஃபி’ன்னு சொல்லச் சொல்லியிருக்கான். இவரு ‘கோப்பி’ன்னு சொன்னாரு. நமக்கு அந்த எழுத்து வராதே. அவன் சிரிச்சிட்டான். அவன் சிரிக்கவும் வகுப்பே சிரிச்சிருக்கு. அன்னைக்கு மூடின வாய்.”

அவளுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரன் அவர் வாயை மூடினான், அவள் வந்து மிச்சத்தை முடித்துவிட்டாள்.

துக்கம் கேட்கும் வாசகத்தை மிரான் சொல்லித் தர, அவள் வழி நெடுக முணுமுணுத்து மனப்பாடம் செய்தாள். காலமானவர் நல்ல இடம் சேர வேண்டுகிறேன். மரியாதையான சொற்கள், அவள் நாக்குக்கு ஒத்துவராத நீளம். ஆனால் இந்தத் தடவை ஒரு எழுத்து பிசகக்கூடாது. இதையாவது அவர் முன்னால் ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

மண்டபத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார்கள். வெள்ளைச் சாமந்தி மதில்போல அடுக்கியிருந்தது. நடுவில் படம். அந்தப் படத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை, தரையையே பார்த்துக்கொண்டு போனாள். எல்லோரோடும் சேர்ந்து மண்டியிட்டு, நெற்றி தரையில் படும்படி இரண்டு முறை விழுந்து கும்பிட்டாள். பிறகு பக்கவாட்டில் திரும்பி, துக்க வீட்டாருக்கு எதிரே மறுபடி மண்டியிட்டாள். அங்கே வழக்கம், வந்தவரும் வீட்டாரும் எதிரெதிரே ஒரே நேரத்தில் தரையைத் தொட்டு எழுவது. அவள் நெற்றி தரையைத் தொட்டது. எதிரே ஒரு நெற்றியும் தொட்டது. இருவரும் தலை தூக்கினார்கள்.

ஒரு சாண் தூரத்தில் பியோ ஸார்.

கறுப்பு உடுப்பு, கையில் துக்கக்காரர் கட்டும் சணல் பட்டை, மூக்குக்கண்ணாடி. அதே பியோ ஸார்.

வெரோனா போட்ட கூச்சலில் அடுத்த கூடத்துத் துக்கக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். மனப்பாடம் செய்த வாசகம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வாயில் வந்தது அவளுக்கு வாய்த்த அதே தெருக் கொரியம்தான்.

“சாகலையா! நீ சாகலை! நல்லது! ரொம்ப ரொம்ப நல்லது!”

சாமந்திக்கு முன்னால், பிணம் இருக்கும் இடத்தில், இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டு அப்படிச் சொன்னாள். துணைத் தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். மிரானின் உள்ளங்கை மறுபடி வாய்க்குப் போனது.

பியோ ஸார் அவளையே பார்த்தார். உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. நாலு வருஷத்தில் அவள் கேட்டிராத குரல், கரகரவென்று, ஆங்கிலத்தில் வந்தது.

“நாத்… யெத்.”

‘நாட் யெட்’. இன்னும் இல்லை என்கிறார். நேற்றுக் கேட்ட கேள்விக்கு இன்றைக்குப் பதில்.

பிறகு சாமந்தி நடுவில் இருந்த படத்தைக் காட்டி, “மை… பாதர்” என்றார். அப்போதுதான் வெரோனா பார்த்தாள். காது நீண்ட, பல் இல்லாத ஒரு தொண்ணூறு வயதுக் கிழவர் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். செத்தவரை அலுவலகத்தில் யாருக்குத் தெரியும்? அதனால் எந்த ஆசிரியர் வீட்டுச் சாவோ அந்த ஆசிரியர் பெயரைத்தான் முதல் வரியில் போடுவார்கள். இந்த ஊரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், நாலு வருஷம் இருந்தவளுக்குத் தெரியவில்லை. பெற்ற தகப்பனைப் பறிகொடுத்து நிற்பவரிடம் நல்லது, ரொம்ப நல்லது என்று குதித்திருக்கிறாள். நாக்கைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போலிருந்தது. அவள் தரையோடு தரையாக மடங்கிக் கிடந்தாள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த செத்தவரின் மனைவி, பியோ ஸாரின் அம்மா, மெல்லத் தலையைத் திருப்பினாள். எண்பத்தாறு வயது. நகக்கண்ணில் பூண்டுக் காட்டு மண் இன்னும் போகவில்லை.

“டேய், அந்தப் பொண்ணு என்னடா சொல்லுது? சாகலை, நல்லதுங்குது. யாரைச் சொல்லுது?”

“என்னைத்தான்மா.” பியோ ஸார் உதட்டை நனைத்துக்கொண்டார். “நான்தான் போயிட்டேன்னு நெனச்சு வந்திருக்காங்க. என்னை உசிரோட பார்த்ததும்… சந்தோஷத்துல சொல்லிட்டாங்க.”

மிரான் பல்லைக் கடித்துக்கொண்டு, “இதைப் போயி அப்படியே சொல்லணுமா?” என்று முனகினாள். கிழவி ஏசுவாள், வெளியே போ என்பாள் என்று பத்துப் பேரும் காத்திருந்தார்கள். கிழவி ஏசவில்லை. கையை ஊன்றி நகர்ந்து நகர்ந்து வெரோனாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“விடிகாலைல பூண்டு பிடுங்கிக்கிட்டு நின்னேன்” என்றாள். “பக்கத்து வீட்டுக்காரி வரப்புல ஓடியாந்தா. உங்க வீட்டு ஆம்பளை முத்தத்துல விழுந்து கெடக்குன்னா. எந்த ஆம்பளைன்னு சொல்லலை. வீட்ல ரெண்டு ஆம்பளை. இவன் வேற நேத்து சாயங்காலம் வந்தவன் மூஞ்சியே சரியில்ல, ஒரு வாய் சோறு திங்கலை. ஓடினேன். ஓடறப்ப என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா? இவனா இருக்கக்கூடாது, இவனா மட்டும் இருக்கக்கூடாதுன்னு. போய்ப் பார்த்தா அந்த மனுஷன் கெடக்காரு. அறுபத்தி நாலு வருஷம் ஒண்ணா சோறு தின்ன மனுஷன். எனக்கு முதல்ல வந்தது அழுகை இல்ல பொண்ணே. அப்பாடான்னு மூச்சு வந்துச்சு.”

பியோ ஸார் அம்மாவைப் பார்த்தபடியே இருந்தார். காலையிலிருந்து சொட்டுக் கண்ணீர் விடாத ஆள், கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“இதை நான் யாருகிட்ட சொல்லுவேன்? அவரு படத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? காலைலேருந்து தொண்டையில நிக்குது.” கிழவி வெரோனாவின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “நீ சொன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லு. எனக்காகச் சொல்லு.”

வெரோனாவுக்குப் புரிந்தது பாதிதான். என்ன கேட்கிறாள் என்பது மட்டும் முழுக்கப் புரிந்தது. மிரானைப் பார்த்தாள். மிரான் அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். வெரோனா இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“சாகலை. நல்லது. ரொம்ப நல்லது.”

“ஆமா” என்றாள் கிழவி. “ஆமா, ஆமா.” அதற்குப் பிறகுதான் கணவனுக்காக வாய்விட்டு அழுதாள்.

வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். தாழ்வான மேஜைகளைச் சுற்றி ஆசிரியர்கள் உட்கார, துக்க வீட்டு மாட்டிறைச்சிக் குழம்பு சிவக்கச் சிவக்க வந்தது. வெரோனாவின் கிண்ணத்தைப் பரிமாறுகிற பெண்ணிடமிருந்து வாங்கி பியோ ஸாரே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அவள் எதிரே வைத்தார். கை சட்டைப் பையில் இருந்த செல்போனைத் தேடிப் போனது, பாதி வழியில் நின்றது. பள்ளிக்கூடமே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஹாத்” என்றார் பியோ ஸார். “கேர்ப்புல்.” சூடு, கவனம் என்கிறார்.

யாரும் சிரிக்கவில்லை. வெரோனா கரண்டியை எடுத்து, ஊதி ஊதிக் குடிக்க ஆரம்பித்தாள்.