மச்சானின் முன்பற்கள்

அவருக்கு டிராம்போன் மீது ஆசை வந்ததே கிடையாது. ஆசை வந்தது பாஞ்சோ வாசித்த பெண் மீது.

பல் செட் செய்யும் பட்டறையில் அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றுவது, மெழுகில் பல்லை வரிசையாக நடுவது, வேகவைத்து எடுத்து, தேய்த்து மெருகேற்றுவது, இதுதான் வேலை. கூட வேலை பார்த்தவரின் கல்யாண வரவேற்பில் ஒரு ஜாஸ் குழு வாசித்தது. யாருக்கும் வாசிப்பு தொழில் இல்லை. டிரம்ஸ் அடித்தவர் தபால்காரர். கிளாரினெட் ஒரு புவியியல் டீச்சர். டிரம்பெட் வாசித்த தலைவர், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் பெயிண்டர். டிராம்போன்காரர் மட்டும் மாற்றலாகி வெளியூர் போய்விட்டதால், நீளக் குழாயை முன்னும் பின்னும் இழுத்து ஊதும் அந்த வாத்தியம் ஒரு நாற்காலியில் சும்மா கிடந்தது. அதற்கு அடுத்த நாற்காலியில் அந்தப் பெண்.

இவர் வைத்த கண் வாங்காமல் அந்தப் பக்கமே பார்ப்பதைப் பெயிண்டர் கவனித்துவிட்டார். இடைவேளையில் அருகே வந்தார்.

"டிராம்போன் பிடிக்குமா தம்பி?"

"ரொம்பப் பிடிக்குங்க."

"வியாழக்கிழமை வாங்க. கத்துக்கலாம்."

அந்தப் பெண் பெயிண்டரின் தங்கை என்பது பிறகுதான் தெரிந்தது. சொன்ன பொய்யைக் காப்பாற்ற ஒரு வருடம் கன்னம் வீங்க ஊதினார். அவளோடு கல்யாணம் முடிந்ததும் நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் அதற்குள் அந்த இசை அவரைப் பிடித்துக்கொண்டது. பழைய பாணி ஜாஸில் காகிதத்தைப் பார்த்து வாசிக்கிற வழக்கம் இல்லை. டிரம்பெட் பாட்டை எடுத்துச் செல்லும். கிளாரினெட் அதற்கு மேலே அணில் மாதிரி ஓடும். டிராம்போன் அடியில் வழுக்கிக்கொண்டே வந்து இரண்டையும் தாங்கும். மூவரும் ஒரே நேரத்தில் அவரவர் மனம்போல வாசிப்பார்கள், ஆனால் ஒருவர் காதை மற்றவர் மீதிருந்து எடுக்க முடியாது. பகல் முழுவதும் யாரோ முன்பின் தெரியாதவர்களின் பல்லோடு ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஒத்திகை ஒரு டிரைவிங் ஸ்கூலின் மாடி வகுப்பறையில் நடக்கும். சுவர் முழுக்கப் போக்குவரத்துச் சின்னங்கள். 'ஹாரன் அடிக்காதீர்கள்' என்ற படத்துக்கு நேர் கீழேதான் டிரம்பெட் நாற்காலி. புதிதாக வருகிற எல்லோரும் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், பழையவர்களும் முதல்முறை கேட்பதுபோலச் சேர்ந்து சிரிப்பார்கள். மச்சானாகிவிட்ட பெயிண்டரும் மாப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இருபது வருடத்துக்கும் மேல் வாசித்தார்கள். நகமும் சதையுமாக இருந்தார்கள்.

சண்டை மேடையில் வந்தது. குழுவின் வெள்ளிவிழாக் கச்சேரி அது. பட்டறை முதலாளி குடும்பத்தோடு முன்வரிசையில் இருந்தார். அன்றைக்கென்றே டிராம்போனுக்குத் தனியாக ஒரு சுற்று ஒதுக்கியிருந்தார்கள், அவரும் மாதக்கணக்கில் பழகியிருந்தார். அந்தப் பாட்டுக்கு முன்னால் மச்சான் மைக்கைப் பிடித்து, "எங்க மாப்பிள்ளைக்குப் பல்லு செய்யற வேலை. அவர் வாசிக்கறதைக் கேட்டா மயக்க மருந்து போடாம பல்லைப் பிடுங்கற மாதிரியே இருக்கும்" என்றார். அரங்கம் சிரித்தது. அது போகட்டும் என்று விட்டிருப்பார். ஆனால் அவருடைய முறை வந்து, வாத்தியத்தை உயர்த்திய நேரத்தில், மச்சான் கையை ஆட்டிக் கிளாரினெட்டை வாசிக்கச் சொல்லிவிட்டார். உயர்த்திய வாத்தியத்தை அப்படியே இறக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

திரைக்குப் பின்னால் போனதும் அவர் சொன்னார்: "டிரம்பெட் வாசிக்கறவங்களுக்கு வாய் மட்டும்தான் பெரிசு."

அவ்வளவுதான். அன்றோடு பேச்சு நின்றது. இருவரில் ஒருவராவது குழுவை விட்டுப் போயிருக்கலாம். நான் ஏன் போக வேண்டும் என்று அவரும் நினைத்தார், இவரும் நினைத்தார். ஆறு வருடம் அதே நாற்காலிகளில் முழங்கை இடிக்க உட்கார்ந்து வாசித்தார்கள். பேச்செல்லாம் அடுத்த நாற்காலியில் பாஞ்சோவோடு இருந்த மனைவி வழியாகத்தான். "உங்க அண்ணன் ரொம்ப வேகமா ஆரம்பிக்கறார்னு சொல்லு." "உன் வீட்டுக்காரரைக் கொஞ்சம் சத்தம் குறைக்கச் சொல்லும்மா." அவளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு வியாழக்கிழமை பாஞ்சோவைக் கீழே வைத்துவிட்டாள்.

"இனிமே என்னால முடியாது. தபால் கொடுக்க நம்ம குழுவில ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட கொடுங்க."

தபால்காரர் குச்சியால் தலையைச் சொறிந்துகொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு அந்த அரைகுறைப் பேச்சும் இல்லாமல் போயிற்று.

அந்த வருடம் மழை முடிந்த சமயத்தில் பெயிண்டர் ஒரு மருந்துக்கடைப் பலகைக்கு எழுத்து எழுதிக்கொண்டிருந்தபோது ஏணி சறுக்கியது. பெரிய உயரம் ஒன்றுமில்லை. ஆனால் விழுந்தபோது வாய் ஏணிப்படியில் மோதியது. மேல்வரிசையில் முன்பற்கள் நான்கு போய்விட்டன. உதட்டில் தையல்.

செய்தி கேட்டதும் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். இவர் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார். அன்று பட்டறையில் எடுத்த வேலை ஒன்றும் உருப்படவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, சதையே இல்லாத உறவுக்கும் அது ஆடியது.

சில வாரங்கள் கழித்து மச்சானின் வாய் அச்சாக அவர் மேஜைக்கே வந்து சேர்ந்தது. கழற்றி மாட்டும் செட். நான்கு பல், நேராக, அழகாக இருக்க வேண்டும் என்று டாக்டர் கேட்டிருந்தார். கேட்டபடி செய்து அனுப்பினார். நல்ல வேலை. சாப்பிடவும் பேசவும் சிரிக்கவும் குறையில்லாத வேலை.

உதடு ஆறி, பெயிண்டர் ஒத்திகைக்கு வந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். டிரம்பெட்டை எடுத்து உதட்டில் வைத்து ஊதினார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. இன்னும் அழுத்தி ஊதினார். பல் செட் நகர்ந்து வெளியே வரப் பார்த்தது, கையால் பிடித்துக்கொண்டார். மூன்றாவது முறையும் அதேதான்.

"பல்லு போனா சொல்லு போச்சுன்னு சொல்வாங்க" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "சொல்லு இருக்கு. இதுதான் போச்சு."

டிரம்பெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். "நீங்க வாசிங்க. டீச்சர், ஆரம்பிச்சுக் கொடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

டீச்சர் ஆரம்பித்தார். கிளாரினெட் மேலே ஓடியது, டிராம்போன் கீழே வழுக்கியது, நடுவில் யாருமில்லை. தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் தாங்கிக்கொண்டிருப்பது போல அவருக்கு இருந்தது. பாதிப் பாட்டில் நிறுத்தினார்கள்.

பேருந்தில் வீடு திரும்பும்போது மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். அவர் மெதுவாகக் கேட்டார்.

"உங்க அண்ணனுக்கு முன்பல்லு ரெண்டும் நேரா இருந்ததா?"

"எதுக்கு?"

"நான் இத்தனை வருஷம் பக்கத்தில உட்கார்ந்து பார்த்திருக்கேன். ஒண்ணு கொஞ்சம் முன்னால தள்ளி, திரும்பினாப்ல இருக்கும். அது மேலதான் டிரம்பெட்டை வைப்பார். நான் போட்டுக் கொடுத்தது ரெண்டும் ஒரே நேர்கோடு. எந்தப் பல்லுன்னுதான் ஞாபகம் வரல."

அவள் சட்டென்று திரும்பி, சட்டைக்கையை முழங்கைவரை சுருட்டினாள். கையில் பழைய தழும்பு ஒன்று, ஒரு பக்கம் ஆழமாக.

"என் சைக்கிளை நான் தரமாட்டேன்னு சொன்னப்போ கடிச்சது. பாத்துக்கோங்க. இடது பல்லு."

முன் இருக்கையிலிருந்தவர் திரும்பிப் பார்த்தார். இவர்கள் இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னாள்: "நான் போய்ச் சொல்லமாட்டேன். நீங்கதான் போகணும்."

மறுநாள் மாலை மச்சான் வீட்டுக்குப் போனார். மச்சானின் மனைவி கதவைத் திறந்து, வந்திருப்பது யார் என்று பார்த்ததும் வழிவிட்டு ஒதுங்கினாள். உள்ளே அவர் தரையில் உட்கார்ந்து ஒரு பலகைக்குக் கோடு போட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

"அக்கா, மச்சானை நாளைக்கு மதியம் டிரம்பெட்டோட டாக்டர்கிட்ட வரச் சொல்லுங்க."

அவள் திரும்புவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "வர்றேன்னு சொல்லு."

பல் டாக்டர் நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும், "டிரம்பெட்டுக்குப் பல்லா? நானும் பாக்கணும்" என்று தன் சாப்பாட்டு நேரத்தில் நாற்காலியை விட்டுக்கொடுத்தார். மச்சான் சாய்ந்து படுத்தார். மாப்பிள்ளை கையுறை போட்டுக்கொண்டு, அச்சுப் பசை குழைத்து நிரப்பிய தட்டோடு நின்றார்.

"வாயைத் திறங்க."

ஆறு வருடத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அதுதான். மச்சான் திறந்தார். பசை இறுகும்வரை அசையக் கூடாது, பேச முடியாது. டாக்டர் கை கழுவப் போயிருந்தார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் இந்த ஜென்மத்தில் கிடைக்காது என்று இவருக்குத் தோன்றியது.

"அன்னைக்கு எங்க முதலாளி முன்னால நீங்க சொன்ன ஜோக்கை நான் மறந்துடுவேன். ஆனா வாத்தியத்தைத் தூக்கினவனை அப்படியே உட்கார வெச்சீங்க பாருங்க, அதை எப்படி மச்சான் மறக்கறது? அந்த ஒரு சுற்றுக்கு நான் எத்தனை நாள் பழகினேன்னு உங்க தங்கச்சியைக் கேளுங்க. வீட்டுல தூங்க விடல அவளை."

"ம்ம்... ம்ம்ம்" என்றார் மச்சான். கண்கள் மட்டும் உருண்டன.

"அசையாதீங்க. அச்சு கெட்டுடும்."

தட்டை வெளியே எடுத்ததும் மச்சான் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பேசி முடிச்சாச்சா?"

"ஆச்சு."

"ஜோக்குக்கு மன்னிச்சிடு. அது ஜோக்கே இல்ல. ஆனா சுற்றை நான் பிடுங்கல. அதுக்கு முன்னாடிச் சுற்றில நீ பாட்டைத் தொலைச்சுட்டு எங்கயோ போயிட்ட மாப்பிள்ளை. பதட்டத்தில இருக்க, மேடையில மானம் போயிடக் கூடாதேன்னுதான் டீச்சரைக் காமிச்சேன்."

"நானா தொலைச்சேன்? நீங்கதான் ஒரு வரியை முழுங்கிட்டீங்க."

"நான் எந்தக் காலத்தில வரியை முழுங்கினேன்?"

டாக்டர் திரும்பி வந்தபோது இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று அந்தப் பாட்டை வாயாலேயே முணுமுணுத்து, யார் எங்கே தவறினார்கள் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை. இருவரும் தாங்கள் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பதில் உறுதியாக இருக்கிறார்கள்.

இடது பல்லை முன்னால் தள்ளிப் புதிதாகச் செய்த முதல் செட்டில் காற்று சீழ்க்கையடித்தது. இரண்டாவது, ஊதும்போது நன்றாக நின்றது, ஆனால் பேச்சு குழறியது. அதற்கப்புறம் செய்ததை மாட்டிக்கொண்டு மச்சான் நாற்காலியிலிருந்து எழுந்து, ஜன்னல் பக்கம் திரும்பி ஊதினார். மெல்லிசாக, நடுங்கிக்கொண்டு, ஆனால் சந்தேகமில்லாமல் ஒரு ஸ்வரம் வந்தது. பிறகு இன்னொன்று. வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர், உள்ளே என்ன வைத்தியம் நடக்கிறதோ என்று எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாராம். டாக்டர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

எல்லாம் பழையபடி வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. உச்சியில் இரண்டு மூன்று ஸ்வரங்கள் திரும்பவே இல்லை. ஆறு மாதம் தினமும் பழகிப் பார்த்தும் வரவில்லை. அதனால் குழு எல்லாப் பாட்டுகளையும் ஒரு படி கீழே இறக்கிக்கொண்டது. டீச்சருக்கு விரல் பழக்கம் மாறியது, டிராம்போன்காரருக்குக் கை பழக்கம் மாறியது. முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் கற்றார்கள். மச்சானும் மாறியிருந்தார். முன்பெல்லாம் பாட்டை ஏணி வைத்து ஏறுவார், இப்போது நிதானமாக நடந்து போனார். டிராம்போனுக்கு இடம் விட்டு வாசித்தார். அது மரியாதையா, மூச்சு போதாமையா என்று இவர் கேட்கவில்லை.

விஷயம் மெல்லப் பரவியது. வேறு குழுக்களிலிருந்து, பல் போனதால் வாத்தியத்தைப் பரணில் போட்டவர்கள் டாக்டரைத் தேடி வந்தார்கள். சனிக்கிழமை மதியங்கள் அவர்களுக்கென்று ஆயின. டாக்டர் வாயைப் பார்ப்பார், மாப்பிள்ளை பல்லைச் செய்வார், மச்சான் ஓரத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளணும்", "அவருக்குக் காத்து இடது பக்கம் போகுது" என்று கேட்காமலேயே தீர்ப்புச் சொல்வார்.

ஒரு சனிக்கிழமை, ரயில்வேயில் டிக்கெட் கவுன்டரில் இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா வந்தார். இளம்வயதில் பெண்கள் குழு ஒன்றில் டிரம்பெட் வாசித்தவர். பல் போனபின் தொடவேயில்லையாம். அவருக்கு இரண்டாவது செட்டே பொருந்திவிட்டது. மாட்டிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லைங்க" என்று சொல்லிவிட்டு வாத்தியத்தைத் தூக்கினார். நேராக உச்சி ஸ்வரத்துக்கே போனார். அறையில் இருந்த கண்ணாடிக் குப்பிகள் அதிர்ந்தன.

மச்சான் அந்தக் குப்பிகளைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் காதருகே குனிந்தார்.

"இவங்களுக்குப் பல்லைக் கொஞ்சம் நல்லாவே செஞ்சுட்ட போல."

"நீங்க பக்கத்தில உட்கார்ந்து சொன்னபடிதான் செஞ்சேன் மச்சான்."

"ஒரு குழுவில ரெண்டு டிரம்பெட் இருந்தா சண்டைதான் வரும்."

"வரட்டுமே. பழகின சண்டைதானே."

மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த அம்மாவிடம் திரும்பினார். "வியாழக்கிழமை சாயங்காலம் உங்களுக்கு வேலை ஏதும் இருக்காம்மா?"

"ரிட்டயர் ஆனவளுக்கு என்ன வேலை? ஆனா ஒண்ணு. நான் கொஞ்சம் சத்தமா வாசிப்பேன். பரவாயில்லையா?"

மாப்பிள்ளை கையுறையைக் கழற்றியபடி சொன்னார்: "அதுக்குத்தான் கூப்பிடறோம்."