எதிர்க்கடை எஞ்சின்

கொல்லிமலைக்கு ரோடு வராத காலம். மலைமேல் ஆலத்தூர் நாட்டில் நான் நட்டிருந்த ஆரஞ்சுக் கன்றுகளுக்கு ஓடைத் தண்ணீர் இறைக்க, ஆயில் எஞ்சின் விலை விசாரிக்க ராசிபுரம் போனேன்.

கடையில் விற்பனையைக் கவனித்தவர் ஒல்லியான மனிதர். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். பேசும்போது எஞ்சினை விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். மூன்று கம்பெனிகளின் விலைக் காகிதங்களை என் முன் விரித்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அச்சடித்த காகிதத்தைக் கண்டாலே, ஏமாறப் போகிறோமோ என்று தோன்றும்.

"விலை கொறைச்சல் எங்களுதுதானுங்க. ஆனா உங்களுக்கு வேண்டாமுங்க," என்றார். "இது கழட்ட முடியாது. மலைக்கு எப்படித் தூக்குவீங்க? எதிர்க்கடையில விக்கறது எழுபது ரூபா கூட. ஆனா நாலு துண்டாக் கழலும், ஆளுக்கொண்ணாத் தோள்ல போட்டுக்கலாம்."

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏனுங்க, எதிர்க்கடையில உங்களுக்கு என்ன கமிஷனுங்க?"

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. "உங்க இஷ்டமுங்க," என்று அவர்கள் கடை எஞ்சினுக்கே பில் எழுதினார்.

அடிவாரத்தில் எட்டுப் பேர் எஞ்சினை மூங்கிலில் கட்டித் தூக்கினார்கள். முதல் ஏற்றத்திலேயே மூங்கில் முறிந்தது.

"இதை எமன் வந்துதான் தூக்கோணும், சாமி," என்று இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கீழ்நாட்டு விவசாயி ஒருவருக்கு வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். அந்தக் கோடையில் கன்றுகள் கருகின.

கன்றுகளை மறுபடி நட்டுக்கொண்டேன். ஆனால் இன்றும் ராசிபுரம் போனால் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். அவர் கண்ணில் பட்டால், பழசை மறந்து, "எஞ்சின் நல்லா ஓடுதுங்களா?" என்று அக்கறையாகக் கேட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.