அலமேலு டீச்சர் கேட்டு வாங்கிய சாவி

வியாழக்கிழமை காலை, முதல் மணி அடிப்பதற்குள் ஸ்ரீரங்கத்திலிருந்து அலமேலு டீச்சரின் தம்பி வந்து நின்றார். "அக்கா போயிட்டா. தூக்கத்திலேயே" என்றார். பாலக்கரைப் பெண்கள் பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவள் நான். அவரிடம் படித்த பிள்ளைகளுக்கு, தண்ணீர்ப் பானை காலியாக இருந்தால் அவருக்கு வரும் கோபம் நினைவிருக்கும். அது எங்கிருந்து வந்தது என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

கணக்குப் பாடத்தின் நடுவே யார் தண்ணீர் கேட்டாலும் அனுப்பிவிடுவார். "சாக்குச் சொல்லிட்டு விளையாடப் போகுதுங்க" என்று தலைமையாசிரியை முணுமுணுப்பார். "போகட்டுமே. கணக்கு காத்திண்டிருக்கும், தாகம் காத்திருக்காது" என்பார் இவர். எங்களுக்கெல்லாம் அது வேடிக்கை.

ஒரு கோடையில், காவேரி வெறும் மணலாகக் கிடந்தபோது, எங்கள் தெருவில் காலரா புகுந்தது. தெருக் கிணற்றுத் தண்ணீரில்தான் வந்தது என்று பின்னால் சொன்னார்கள். காலையில் நடமாடியவர் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தார். என் வீட்டுக்காரரையும் பிடித்தது. அரிசி கழுவிய தண்ணீராகப் போய்க்கொண்டே இருந்தது. கண்கள் குழிவிழுந்துவிட்டன, விரல்கள் சுருங்கிவிட்டன, குரல்கூட எழும்பவில்லை. "தண்ணி" என்று உதடு மட்டும் அசையும். வாந்திபேதிக்குத் தண்ணீர் கொடுத்தால் நிற்கவே நிற்காது என்பது அன்று ஊரெல்லாம் நம்பியது. அவரைப் பெற்ற என் மாமி குடத்தை உள்ளறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

நான் பள்ளிக்கு வராததைக் கண்டு டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். சாவியைக் கேட்டதும் மாமி அழ ஆரம்பித்தார். "கொன்னுடாதீங்கம்மா, எனக்கு ஒத்தப் புள்ள."

டீச்சர் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். "நேக்கும் ஒத்தப் பொண்ணுதான் பெரியம்மா. குஞ்சுன்னு பேரு. இதே வியாதி. அம்மா, ஒரு வாய் குடும்மான்னு கெஞ்சினா. பெரியவா வேண்டாம்னா, நானும் குடுக்கலை. நாக்கு வறண்டே போயிட்டா. உடம்புல தண்ணி வத்தித்தான் சாகறாளாம், இப்போ பெரியாஸ்பத்திரியில உப்புத் தண்ணியை நரம்புல ஏத்தறா. நரம்பு வழியாப் போறது வாய் வழியாப் போகப்படாதா? சாவியைக் குடுங்கோ."

மாமி கொடுத்துவிட்டார்.

டீச்சர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, நீர்க்கஞ்சியும் உப்பும் கலந்து கரண்டி கரண்டியாக ஊட்டினார். என் வீட்டுக்காரர் வாந்தியெடுத்தார். "கக்கினா கக்கட்டும். தங்கறது தங்கும்" என்று மறுபடி ஊட்டினார். பொழுதுக்கும் நாங்கள் மாறி மாறி ஊட்டினோம்.

மறுநாள் என் வீட்டுக்காரர் கண் திறந்து, "ஆயிஷா" என்று கூப்பிட்டார். மாமி டீச்சரின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டீச்சர் சிரிக்கவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போனார். பின்னாலேயே போய்ப் பார்த்தால், சுவரில் நெற்றியை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

"குடுத்திருந்தாலும் போயிருப்பான்னு இத்தனை வருஷமா மனசைத் தேத்திண்டிருந்தேன் ஆயிஷா. இனிமே அப்படிச் சொல்லிக்க முடியாதே."

அதன் பிறகும் எந்தத் தெருவில் காலரா என்றாலும் அவர் போனார். பிழைத்து எழுந்த ஒவ்வொருவரும் அந்தப் புண்ணைக் கிளறியிருப்பார்கள். தெரிந்துதான் போனார்.

அல்லாஹ் அந்தத் தாயையும் மகளையும் ஓரிடத்தில் சேர்த்துவைக்கட்டும். டீச்சருடைய பொருள் ஒன்றும் என்னிடம் இல்லை. செய்தி கேட்டதிலிருந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாரே என் வீட்டுக்காரர், இந்த மனிதர்தான் அவர் எனக்கு விட்டுப்போனது.