தலைவர் எழும்பலாமா?

சனிக்கிழமை காலைகளில் எட்டு நீளமான பிளாஸ்ரிக் குழாய்களை என் காரின் கூரையில் கட்டுகிறேன். கனடாவில், ஸ்ரௌவ்வில்லில் என் பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வருடங்களாக என்னை பிளம்பர் என்றே நம்பியிருந்திருக்கிறார். போன மாதம் தன் குளியலறை ஒழுகுகிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். இவை அவுஸ்திரேலியக் காற்பந்தின் கோல் கம்பங்கள், பக்கத்துக்கு நான்கு, நான் அதை ஆடும் ஒரு கழகத்தின் தலைவர் என்று விளக்கினேன். "தலைவரா? பிறகு ஏன் நீ சுமக்கிறாய்?" என்றார்.

இந்த விளையாட்டுக்குள் என்னை இழுத்துவிட்டவன் கிரெக் என்ற அவுஸ்திரேலியன். நான் கனடாவுக்கு வந்த புதிதில் ஸ்காபரோவில் ஒரே வேர்ஹவுஸில் வேலை செய்தோம். அது கழகம் தொடங்கிய வருடம், ஆள் போதவில்லை. முட்டை வடிவப் பந்தை எறியக்கூடாது, கையால் குத்தித்தான் கொடுக்க வேண்டும் என்று பழகவே எனக்கு ஒரு கோடைகாலம் போனது. பதினைந்து வருடம் ஆடினேன். முழங்கால் கைவிட்டதும் தலைவராக்கினார்கள். இங்கே தலைவர் என்றால் மைதானத்தில் கோடு போடுவது, ஜேர்சி தோய்ப்பது, கம்பம் சுமப்பது.

எங்கள் தமிழ் ஆட்களுக்கோ தலைவர் என்றால் மேடையில் நடுக்கதிரை. எங்கள் யாழ்ப்பாணப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கச் செயலாளர் குகன், என்னை ஒரு ஆட்டத்துக்கு முன் மைதானத்தில் வைத்தே கௌரவிக்க வேண்டும் என்று இந்தச் செப்டெம்பரில் ஒற்றைக்காலில் நின்றான். "அஞ்சு நிமிசம் அண்ணை. ஒரு பொன்னாடை, ரெண்டு வார்த்தை." நம்பினேன், என் மடத்தனம். அன்று வென்றால் கழகத்துக்கு முதன்முறையாக இறுதி ஆட்டம். மைதானம் ஐந்து மணிவரைதான் எங்களுக்கு. அதற்குள் ஆடி முடிக்காவிட்டால், ஆட்டத்தை நடத்தும் எங்களுக்குத்தான் தோல்வி.

பிரதம விருந்தினர் முக்கால் மணி பிந்தி வந்தார். பிறகு ஆறு பேர் பேசினார்கள். ஒருவர் என்னை ரக்பி வீரர் என்றார், இன்னொருவர் கிரிக்கெற் என்றார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியன்று, இப்படி ஒரு விருந்தினர் பேசப் பேச, ஓட்டக் கோட்டில் வெறுங்காலுடன் வெந்துகொண்டு அவரைச் சபித்திருக்கிறேன். இப்போது என் அணிப் பெடியள் வெயிலில் நின்றார்கள், நான் நிழலில் இருந்தேன்.

கிரெக் பின்னால் வந்து குனிந்தான். "நீதானே தலைவர், எழும்பி நிறுத்தச் சொல்."

எழும்பினேன். குகன் தோளைப் பிடித்தான். "நீங்கள்தானே தலைவர், நீங்களே எழும்பினா விருந்தினருக்கு என்ன மரியாதை? இருங்கோ அண்ணை."

திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன்.

ஆட்டத்தின் நான்கில் மூன்றாவது கால்பகுதியில் பன்னிரண்டு புள்ளிகள் முன்னால் நின்றோம். ஐந்து மணிக்கு மைதானக் காவலர் பூட்டுடன் வந்தார். பெடியள் கம்பங்களைக் கழற்றத் தொடங்கினார்கள்.

அடுத்த கிழமை சங்கத்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. பொன்னாடையுடன் நான், தோளில் குகனின் கை, முழங்கால்கள் பாதி மடிந்தபடி. எழும்புகிறேனா இருக்கிறேனா என்று பார்க்கிற ஒருவராலும் சொல்ல முடியாது.