முதல் அத்தியாயத்திலேயே சொன்ன கிழவர்

மந்திரவாதிக் கிழவர்களை எனக்கு ஆகவே ஆகாது. என் மனைவிக்கு, இருந்தவரை, அவர்கள்தான் உயிர். ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் பொன்மலைக்குப் போய், ரயில்வே பணிமனை ஆபீசில் கிளார்க் வேலை பார்த்தாள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் மடியில் செங்கல் கனத்துக்கு ஓர் இங்கிலீஷ் கதைப் புத்தகம் இருக்கும். எல்லாம் ஒரே அச்சுதான். ஓர் ஊருக்கு ஆபத்து வரும். ஒன்றும் தெரியாத ஒரு பெண் அதைத் தடுக்கக் கிளம்புவாள். அவளுக்கு வழிகாட்ட, எல்லாம் தெரிந்த ஒரு தாடிக்காரக் கிழவர் வந்து சேருவார்.

சாயங்காலம் காபி குடிக்கும்போது அந்தக் கிழவர்களுக்கு மார்க் போடுவாள். உப்பு வியாபாரி வேஷத்தில் வருகிற கிழவருக்கு நாலு மார்க். கடைசிக் கதவைத் திறந்தால் அந்தப் பெண்ணின் குரல் போய்விடும் என்று தெரிந்தும், ஒரு வார்த்தை சொல்லாமல் கதவு வரைக்கும் கூட்டிப் போனாராம். கலங்கரை விளக்கத்தில் குடியிருக்கிற குருட்டுக் கிழவருக்கு ஐந்து. அவர் கேள்விக்குப் பதிலாக இன்னொரு கேள்விதான் கேட்பார். படைக்குச் சமைத்துப் போடுகிற கிழவருக்கு ஆறரை. அவரும் மறைத்தவர்தான், ஆனால் வயிற்றுக்குச் சோறு போட்டார் என்று சலுகை.

"ஆபீசருக்கு மார்க் போட முடியாத குறைய இங்க வந்து தீத்துக்கிறியா" என்பேன்.

"இல்லங்க, எல்லாம் தெரிஞ்ச ஆளு, வாயத் தொறந்து சொன்னா என்ன? அவ உயிரு, அவ போறா. அவளுக்குத்தான் ஒண்ணும் தெரியாது."

"சொல்லிட்டா புஸ்தகம் பத்துப் பக்கத்துல முடிஞ்சிடும். அப்புறம் பஸ்ல கொட்டாவி விட்டுக்கிட்டுதான் போகணும் நீ."

இப்படி வாயடித்துக்கொண்டிருந்தவன்தான் நான். பொங்கல் முடிந்த வாரம் அவளுக்குக் கண் மஞ்சளாக இருந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், கேட்கவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட் வந்ததும் நர்ஸ் வெளியே வந்து, "பேஷண்டோட கூட வந்த அட்டெண்டர் மட்டும் உள்ள வாங்க" என்றாள். வயிறு அவளுடையது, ரிப்போர்ட்டில் பெயர் அவளுடையது. அவள் வெளியே நாற்காலியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே போனது நான்.

கணையத்தில் கட்டி, கல்லீரல் வரைக்கும் பரவிவிட்டது என்றார் டாக்டர். குழாய் வைத்தால் மஞ்சள் இறங்கும், அதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை. ஆறு மாதம், முன்னே பின்னே. "அவங்ககிட்ட சொல்றதா வேண்டாமான்னு வீட்ல பேசி முடிவு பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டார். கதவைத் திறந்தபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சொன்னாரு?"

"பித்தப்பையில கல்லு. வழிய அடைச்சுக்கிட்டிருக்காம். குழாய் வெச்சா சரியாயிடும்."

யோசித்துச் சொன்னதில்லை. பொய் தானாக வந்து வாயில் உட்கார்ந்துகொண்டது. "அப்பாடா, கல்லுதானா. நான் என்னென்னமோ நினைச்சுப் பயந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். அந்த அப்பாடாவைக் கேட்ட பிறகு எந்த மனுஷனுக்கு உண்மை பேச வாய் வரும்.

வையம்பட்டியில் விவசாயம் பார்க்கிற அவள் அண்ணனை மன்னார்புரத்தில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன். பேப்பர் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லிடாதீங்க மாப்ள. எங்க பெரியப்பாவுக்குச் சொன்னாங்க. அன்னைக்கு நின்னது சோறு. பத்து நாள்ல போயிட்டாரு. நோவு கொல்லல, சேதிதான் கொன்னுச்சு."

நம் பக்கத்து வழக்கமே இதுதான். அண்ணனுக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும், போனில் விசாரிக்கிற தூரத்து உறவுக்கும் தெரியும். நோய் யார் உடம்பில் இருக்கிறதோ அவருக்கு மட்டும் தெரியாது. கோயம்புத்தூரில் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் எங்கள் மகளுக்கும் சொல்ல வேண்டாம் என்று முடிவானது. ரிப்போர்ட்டைக் கடையில் பேப்பர் அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். குழாய் வைத்து மஞ்சள் இறங்கியதும் அவள் மறுபடி ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாள். ரவிக்கைகள் தொளதொளத்தன. "கல்லு போனா இளைக்கத்தான் செய்யும்" என்றேன். முதுகு வலி என்றாள். "பஸ்ல குலுங்கறதுதான்" என்றேன். நான் சொன்ன ஒவ்வொன்றையும் அவள் நம்பினாள். இருபத்துமூன்று வருஷத்தில் நான் சொன்ன எதையும் அவள் அப்படி நம்பியதில்லை.

இந்த நாட்களில்தான் அவளுடைய புத்தகங்களை நான் கடைக்கு எடுத்துப் போக ஆரம்பித்தேன். எனக்கு வாசிப்புப் பழக்கம் கிடையாது. ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களுக்கு நடுவே, டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்தேன். தேடியது ஒன்றே ஒன்றுதான். இத்தனை கிழவர்களில் ஒருவராவது அந்தப் பெண்ணை எதிரே உட்கார வைத்து, "அம்மா, உனக்கு நடக்கப்போவது இது" என்று சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருந்தால் எந்த வார்த்தையில் ஆரம்பித்தார்? அதை அப்படியே பார்த்துக் காப்பியடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஜெராக்ஸ்காரன் புத்தி.

ஒருத்தரும் சொல்லவில்லை. ஆனால் சொல்லாததற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். உப்பு வியாபாரி, "அவள் தாங்க மாட்டாள்" என்றார். கலங்கரை விளக்கத்துக் கிழவர், "இன்னும் வேளை வரவில்லை" என்றார். சமையல்காரக் கிழவர், "முதலில் இரண்டு வாய் சாப்பிடட்டும்" என்றார். மூன்றையும் நான் சொல்லியிருந்தேன். முதலாவதை அவள் அண்ணனிடம், இரண்டாவதை டாக்டரிடம், மூன்றாவதைத் தினமும் எனக்கு நானே. ஆறரை மார்க்குக்கூட எனக்குக் கிடைக்காது. சோறு அவள்தான் சமைத்தாள்.

ஒரு நாள் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். "அந்த உப்பு விக்கிற கிழவன் முன்னாடியே சொல்லியிருந்தா, அந்தப் பொண்ணு பயந்து போயிருக்க மாட்டாளா?"

"பயந்திருப்பா. பயப்படறது அவ பாடு. அதையும் சேத்து இவரு எடுத்துக்கிட்டாரே, அதுதாங்க எனக்குக் கோவம்." பிறகு என்னைப் பார்த்தாள். "என்ன திடீர்னு புஸ்தகமெல்லாம் படிக்கிறீங்க?"

"கடையில கூட்டமில்ல" என்றேன்.

பங்குனியில் அவளை அம்மா மண்டபத்துக்குக் கூட்டிப் போனேன். சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் போனேன். காவிரியில் தண்ணீர் ஓர் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. படியில் உட்கார்ந்து வாயைத் திறந்தால், பக்கத்திலேயே யாரோ மொட்டை போட்டுக்கொண்டு தகப்பனாருக்குப் பிண்டம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் வைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரும்பும் வழியில் கோயிலுக்குப் போனோம். சன்னதியில் அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நான் மனதுக்குள் பெருமாளைக் கன்னாபின்னாவென்று திட்டிக்கொண்டு நின்றேன். உனக்கும்தானே எல்லாம் தெரியும், நீ சொல்லேன், என் தலையில் ஏன் கட்டினாய் என்று கேட்டேன்.

அவள் உடம்பு கரைந்துகொண்டே வந்தது. ஆபீசுக்குப் போவதை மட்டும் விடவில்லை. ஒரு காலையில் பஸ் ஸ்டாப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றவளைப் பார்த்துவிட்டு, "லீவு போட்டுத் தொலையேன்" என்று கத்திவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"லீவெல்லாம் சேத்து வெச்சிருக்கேங்க" என்றாள் நிதானமாக. "நாளைக்கு பாப்பாவுக்குக் கல்யாணமாகி, பிரசவத்துக்கு வந்தா, மூணு மாசம் நான் கூட இருக்க வேணாமா? சும்மா கல்லுக்குப் போயி லீவ வீணாக்குவாங்களா?" பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான் வண்டியை ஓரம்கட்டிவிட்டு அழுதேன்.

அந்த வாரம்தான் ஓர் ஒல்லிப் புத்தகம் அகப்பட்டது. முப்பதாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. போரடித்து அவள் பாதியில் நிறுத்திய புத்தகம். அதில் ஒரு குடிகாரக் கிழவர். மந்திரமும் சரியாக வராது. முதல் அத்தியாயத்திலேயே அந்தப் பெண்ணிடம், "இந்த மலையில் ஏறினால் நீ திரும்பி வர மாட்டாய்" என்று போட்டு உடைத்துவிடுகிறார். அவள் அவர் மேல் மண்ணை வாரி இறைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிப் போகிறாள். அதற்கப்புறம் நூறு பக்கத்துக்கு ஒரு சாகசமும் இல்லை. ஒழுகுகிற கூரையைச் சரிபண்ணுகிறாள். அக்காவோடு சண்டை போடுகிறாள், ராசியாகிறாள். பிடித்தவனிடம் பிடித்திருக்கிறது என்று சொல்கிறாள். கடைசியில் ஒரு காலை, யாரும் கூப்பிடாமல், தானே மலைக்குக் கிளம்புகிறாள். கிழவர் துணைக்குக்கூடப் போகவில்லை. படித்து முடித்தபோது கடை வாசலில் யாரோ, "அண்ணே, ரெண்டு பக்கமும் எடுங்க" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லித் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தவளிடம் சொன்னேன். எந்தக் கிழவரும் வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. "அது கல்லு இல்லம்மா. கேன்சர். முத்திப் போனதுக்கு அப்புறம்தான் நமக்குத் தெரிஞ்சுது."

அவள் கத்தவில்லை. "எப்பலேருந்து தெரியும்?" என்றாள்.

"பொங்கல் முடிஞ்சதுலேருந்து."

"அண்ணனுக்கு?"

"தெரியும்."

"ஆபீஸ்ல?"

"உங்க ஆபீசர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை."

"அதான் என் ஃபைலயெல்லாம் பக்கத்து சீட்டுக்குத் தள்ளினாரா. நான் வேலைல ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு மூணு மாசமா கூனிக்குறுகி உக்காந்திருந்தேன்." தட்டைத் தள்ளி வைத்தாள். "வயித்தப் பிடிச்சுக்கிட்டு பஸ்ல நின்னுக்கிட்டே போனேங்க. லீவு வீணாயிடும்னு. அந்த மூணு மாசம் என்னோடது. நீங்க எப்படி எடுத்துக்கலாம்?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. இன்னும் எத்தனை நாள் என்று கேட்டாள். "ஆறு மாசம்னாரு. அதுல மூணு போயிடுச்சு" என்றேன். அவள் எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள். போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்கேயாவது போய்த் தொலைந்திருப்பேன்.

பத்து மணிக்குப் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் மகள் கூப்பிடுவது வழக்கம். என் மனைவி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"பாப்பாகிட்ட மூச்சு விடாதீங்க. பரீட்சை முடியட்டும். அவ தாங்க மாட்டா."

சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள். "சாப்பிட்டியாடி? எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். வெயில்ல குரல் கட்டிக்கிச்சு. நீ பரீட்சைய முடிச்சுட்டு மெதுவா வா, என்ன அவசரம்" என்றாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. மூன்று மாதம் பழகியும் எனக்கு வராத சாமர்த்தியம்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை. போனை அவள் கையிலிருந்து பிடுங்கினேன்.

"பாப்பா, அப்பா பேசறேன். அம்மாவுக்குக் கேன்சர். ரொம்ப நாள் இல்லன்னுட்டாங்க. கிளம்பி வா."

என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல், "நாளைக்கு எக்ஸாம்ப்பா" என்றாள் குழந்தை.

"அத அரியர் வெச்சு எழுதிக்கலாம். அம்மாவ அப்படி முடியாதுடா."

என் மனைவி என்னை அடித்தாள். எலும்பாகிப் போன கையால் தோளிலும் முதுகிலும் மாறி மாறி, "பாவி, பாவி" என்று சொல்லிக்கொண்டே அடித்தாள். நான் போனை விடவில்லை. மகள் வாய்விட்டு அழுவது அந்த அறை முழுக்கக் கேட்டது. அதைக் கேட்டதும் அடி நின்றது. என் தோளையே பிடித்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக, அவளும் அழுதாள்.

அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எந்த பஸ்ல ஏர்றான்னு கேளுங்க" என்றாள்.